அசடாக இருக்கும் உரிமை

கிரேஸி மோகனின் கதாநாயகிக்குப் பெயர் ஜானகி. நாடகத்தில் அதுதான் வழக்கம், சினிமாவிலும் பெரும்பாலும் அதுவே. ‘அபூர்வ சகோதரர்க’ளில் கௌதமி ஜானகி. ‘அவ்வை சண்முகி’யில் மீனா ஜானகி. ‘தெனாலி’யில் ஜோதிகா, ‘பம்மல் கே. சம்பந்த’த்தில் சிம்ரன், ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் சினேகா, எல்லாருமே ஜானகிதான். பள்ளிக்கூடத்தில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது, அந்த நன்றிக்காகவே தன் நாயகிகளுக்கு அதை வைக்கிறேன் என்று மோகன் பலமுறை சொல்லியிருக்கிறார். தமிழில் நகைச்சுவை எழுதியவர்களில் இவ்வளவு நீண்ட குருதட்சிணை கொடுத்தவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த நன்றியில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. இத்தனை ஜானகிகளில் எத்தனை பேர் நம்மைச் சிரிக்க வைத்தார்கள்?

மேற்கு மாம்பலத்தில் வளர்கிறவர்களுக்கு மோகன் நாடகம் என்பது ஏறக்குறைய ஊர்ச்சொத்து. துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து ஜி.என். செட்டி ரோடு வரை போனால் வாணி மகால். அங்கே போகாதவர்கள் வீட்டிலும் கேசட் இருந்தது, பிறகு சிடி, இப்போது யூட்யூப். ‘மாது’ என்ற பெயரைச் சொன்னாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும். அந்த நாடகங்களின் இலக்கணமும் நமக்கு மனப்பாடம். மாது ஒரு பொய் சொல்லுவான். அதை மறைக்க இன்னொரு பொய். சீனு வந்து உதவுகிறேன் பேர்வழி என்று அதை மூன்றாக்குவான். அப்பா தப்பாகக் கேட்பார், மாமா தப்பாகப் புரிந்துகொள்வார். எல்லாம் ஏறி ஏறி உச்சத்தில் வந்து நிற்கும்போது, நடுவில் ஒருத்தி நின்று “என்ன நடக்கறது இங்கே?” என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஜானகி.

அவளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று சொல்லவில்லை. அவளுக்கு வேலை வேறு. பந்தை எறிவதற்கு ஒரு சுவர் வேண்டுமே, அந்தச் சுவர் அவள். பந்து எப்படிச் சுழன்று திரும்பினாலும் கைத்தட்டல் எறிந்தவனுக்குத்தான்.

இதை மோகன் ஒருவரின் குறையாகப் பேசினால் அது நியாயமில்லை. கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, 1976இல் எஸ்.வி. சேகர் குழுவுக்கு ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதி, 1979இல் சொந்தக் குழு தொடங்கி, 2019 ஜூனில் மறையும்வரை அவர் எழுதிய நகைச்சுவையில் ஆபாசத்தைத் தேடினால் கிடைக்காது. தொண்ணூறுகளின் சினிமா காமெடி இரட்டை அர்த்தத்தில் ஊறிக் கிடந்தபோது, பாட்டியையும் பேத்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிரிக்கும்படி ஒரு மாலைப்பொழுதை அவர் தந்துகொண்டிருந்தார். சபாவுக்குப் பெண்கள் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தது சாதாரண விஷயமில்லை. அதனால்தான் கேள்வியை இங்கிருந்து தொடங்குகிறேன். பெண்ணைக் கேவலப்படுத்தும் நகைச்சுவையைத் திட்டுவது சுலபம், அதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. பெண்ணை மதிக்கும் நகைச்சுவையிலேயே பெண்ணுக்குச் சிரிப்பில் பங்கு ஏன் இல்லை என்பதுதான் கஷ்டமான கேள்வி.

சமத்தும் அசடும்

நம் பேட்டைப் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு: சமத்து, அசடு. இரண்டுமே குழந்தைகளுக்குச் சொல்கிற சொற்கள். பெண் குழந்தை சமத்து. தட்டை எடுத்து வைத்தால் சமத்து, அழாமல் ஊசி போட்டுக்கொண்டால் சமத்து, தம்பியைப் பார்த்துக்கொண்டால் ரொம்பச் சமத்து. பையன் எதையாவது கொட்டிக் கவிழ்த்துவிட்டு நின்றால் “அசடு!” என்று தலையில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் கோபத்தைவிடக் கொஞ்சல்தான் அதிகம்.

இந்தக் குழந்தைகள் வளர்ந்து நம் நடுத்தர வர்க்க நகைச்சுவையின் ஆணும் பெண்ணும் ஆகிறார்கள். ஆண் அசடு, பெண் சமத்து. ஜ.ரா. சுந்தரேசன் குமுதத்தில் எழுதிய அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சீதாப்பாட்டி ஆங்கிலம் பேசுகிறாள், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்துக்குத் தலைவி, எந்தச் சிக்கலையும் அவிழ்க்கிறாள். அப்புசாமியோ மூக்குப்பொடியும் அசட்டுத் திட்டங்களுமாக அலைந்து ஒவ்வொரு கதையிலும் அடிபட்டு வருகிறார். அறுபதுகளில் வெகுஜனப் பத்திரிகையில் இப்படி ஒரு பெண்ணைப் படைத்தது பெரிய விஷயம்தான். அந்தக் கதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட ‘பாக்கியம் ராமசாமி’ என்ற புனைபெயரிலும் அம்மா பெயர் முதலில், அப்பா பெயர் பிறகு.

ஆனால் வாசகன் யாருடன் ஊர் சுற்றுகிறான்? அப்புசாமியுடன். யாருடைய அவமானத்தில் பங்கெடுத்துக்கொள்கிறான்? அப்புசாமியின் அவமானத்தில். சீதாப்பாட்டியைப் பார்த்து வியக்கிறோம், அப்புசாமியை நேசிக்கிறோம். நகைச்சுவையில் நேசம் கிடைப்பது எப்போதும் தவறு செய்பவருக்குத்தான். சமஸ்கிருத நாடகத்தின் விதூஷகன் சாப்பாட்டு ராமன், உளறுவாயன்; ஆனால் ராஜாவின் தோளில் கை போடும் உரிமை அவனுக்குத்தான் உண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரன் எந்த மன்னனையும் கேலி செய்யலாம். இருவரும் ஆண்கள். கோமாளித்தனம் பார்ப்பதற்குத் தாழ்ந்த இடம் மாதிரி இருக்கும். உண்மையில் அது சலுகைகள் நிறைந்த இடம்.

“ஆண்களைத்தானே கிண்டல் பண்றா, பெண்களுக்கு என்ன குறை?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மாது முட்டாளாக்கப்படுகிறான் என்பது உண்மை. சபாவில் மாமிகள் விழுந்து விழுந்து சிரிப்பது, அவனைத் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பதால் என்பதும் உண்மை. ஆனால் நாடகம் முடியும்போது மாது மன்னிக்கப்படுகிறான். ஒவ்வொரு முறையும். அந்த மன்னிப்பை வழங்குவதுதான் ஜானகியின் கடைசிக் காட்சி. தவறு செய்துவிட்டு நேசிக்கப்படுவது அவன் பங்கு, தவறே செய்யாமல் நின்று மன்னிப்பது இவள் பங்கு. இரண்டில் எது சௌகரியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

மேடைக்கு வெளியே இது விளையாட்டாக இருப்பதில்லை. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத கணவன் வேடிக்கையான மனுஷன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மனைவி பொறுப்பில்லாதவள். நான் வேலை பார்க்கும் மென்பொருள் துறையிலும் இதே கதைதான். நடுராத்திரியில் ப்ரொடக்‌ஷன் சர்வரைக் கவிழ்த்தவன் ஆணாக இருந்தால் அந்தக் கதை வருஷக்கணக்கில் பார்ட்டிகளில் ஓடும், அவனே எழுந்து நடித்துக் காட்டுவான், மேனேஜரும் சேர்ந்து சிரிப்பார். அதையே ஒரு பெண் செய்தால் அந்தக் கதையும் வருஷக்கணக்கில் ஓடும், ஆனால் தாழ்ந்த குரலில், அவளுடைய அப்ரைசல் வரும்போது. அவள் அதை நடித்துக் காட்ட மாட்டாள். ஒரு தவறு, இரண்டு இலக்கிய வகைகள்: அவனுக்கு அது நகைச்சுவை, அவளுக்கு எச்சரிக்கைக் கதை.

எனவே ‘பெண்களுக்கு நகைச்சுவை வருமா?’ என்று கேட்பதே கேள்வியைத் தலைகீழாக வைப்பது. கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் 2007 ஜனவரியில் ‘வேனிட்டி ஃபேர்’ இதழில் பெண்கள் ஏன் வேடிக்கையானவர்கள் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணைக் கவர ஆணுக்கு நகைச்சுவை தேவைப்படுகிறது, பெண்ணுக்கு அந்தத் தேவை இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். உலகமெங்கும் சண்டை நடந்தது, அடுத்த ஆண்டே அதே இதழ் மறுப்புக் கட்டுரையும் வெளியிட்டது. அந்த வாதத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காது. பெண் பார்க்கும் படலத்தில் எந்த மாப்பிள்ளை ஜோக் சொல்லித் தேறினான்? இங்கே ஆணின் நகைச்சுவை பெண்ணைக் கவர்வதற்காக வளரவில்லை. தவறினாலும் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில் வளர்ந்தது.

உடம்பு என்கிற நுழைவுச்சீட்டு

சரி, தமிழ் சினிமாவில் சிரிக்க வைத்த பெண்களே இல்லையா? இருக்கிறார்கள், அதுவும் மலை மாதிரி. டி.ஏ. மதுரம் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சரிசமமாக நின்று வாதாடிச் சிரிக்க வைத்தவர். 1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறை சென்றபோது, 1947இல் அவர் வெளியே வரும்வரை வழக்கையும் நாடகக் குழுவையும் சேர்த்துத் தாங்கியவர். மனோரமா 1958இல் ‘மாலையிட்ட மங்கை’யில் தொடங்கி ஐம்பது வருஷத்துக்கு மேல் எந்த வட்டார வழக்கையும் நாக்கில் வைத்திருந்தார். சச்சு கதாநாயகியாக ‘வீரத்திருமகன்’ நடித்துவிட்டு, 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷுக்கு ஜோடியானார். கோவை சரளாவின் குரல் ஒன்றே ஒரு வாத்தியம்.

ஆனால் இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒரு கணக்கு தெரியும். சச்சு நாயகியிலிருந்து நகைச்சுவைக்கு வந்தது, அந்தக் காலத்துத் திரையுலகப் பேச்சில் ஒரு படி இறக்கம். ஆணுக்கு அந்த விதி இல்லை. நாகேஷ் ‘சர்வர் சுந்தர’த்தில் நாயகன் ஆகலாம், பிறகு திரும்பி வந்து காமெடியும் செய்யலாம். பெண்ணுக்கு அது ஒருவழிப் பாதை. அழகி என்று முடிவானவள் சிரிக்க வைக்கக்கூடாது. சிரிக்க வைக்கிறவளை அழகி என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

கோவை சரளா 1985இல் ‘சின்ன வீடு’ படத்தில் பாக்யராஜுக்கு அம்மாவாக நடித்தபோது அவர் வயது இருபதுகளின் தொடக்கத்தில். நாயகனைவிடப் பல வயது சின்ன பெண் நாயகனுக்குத் தாய். அதே படத்தில் கல்பனாவுக்கு மனைவி வேடம். பருமனான மனைவியைப் பிடிக்காத கணவன் வெளியே மேய்கிறான் என்பதே கதை. பத்து வருஷம் கழித்து 1995இல், பாலு மகேந்திரா இயக்கி மோகன் வசனம் எழுதிய ‘சதி லீலாவதி’. அதிலும் கல்பனா, அதிலும் பருமனான மனைவி, அதிலும் வெளியே போகிற கணவன். ‘சதி லீலாவதி’ நல்ல படம், அதன் பரிவு முழுக்க லீலாவதியின் பக்கம்தான். இருந்தாலும் ஒரு மகத்தான நடிகைக்குத் தமிழ் சினிமா இரண்டு முறை கொடுத்த முக்கிய வேடம் அவருடைய எடையைச் சுற்றியே எழுதப்பட்டது என்பதை மறைக்க முடியாது.

அதே ‘சதி லீலாவதி’யில்தான் சரளாவுக்கு வாழ்நாள் வேடம் கிடைத்தது. கமல்ஹாசனுக்கு ஜோடி. கொங்குத் தமிழில் கணவனை உலுக்கியெடுக்கும் மனைவி. இங்கே சிரிப்பு அவர் உடம்பிலிருந்து வரவில்லை, பேச்சின் வேகத்திலிருந்தும் சந்தேகத்தின் கூர்மையிலிருந்தும் வருகிறது. கமல் அவருக்குச் சுவராக நின்று பந்தைத் திருப்பித் தருகிறார். ஒரு பெரிய நடிகர் இறங்கி வந்து பக்கவாத்தியம் வாசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதன் பிறகும் தமிழ் சினிமா சரளாவுக்குக் கொடுத்தது என்ன? பெரும்பாலும் வடிவேலுவை அடிக்கிற மனைவி வேடம். மனைவி கணவனை அடித்தால் சிரிப்பு வரும் என்பது, கணவன் மனைவியை அடிப்பது சகஜம் என்ற இடத்தில் மட்டுமே வேலை செய்யும் ஜோக்.

இந்தக் கணக்கு பழைய கதையும் இல்லை. 2012இல் வந்த ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’யில் நடித்த மதுமிதாவுக்கு ‘ஜாங்கிரி’ என்பதே அடைமொழியாகிவிட்டது. ‘கலக்கப்போவது யாரு’ மேடையில் ஆண்கள் கோலோச்சிய காலத்தில் அறந்தாங்கி நிஷா வந்தார். அந்த டைமிங்கும் சுயம்பான துணிச்சலும் அபூர்வம். ஆனால் அவரும் தன் நிறத்தைத் தானே கேலி செய்துகொண்டுதான் அந்த மேடையில் நிற்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் சொல்லுமுன் தானே சொல்லிவிடுவது ஒரு தற்காப்பு. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆண் காமெடியனும் தன் உடம்பைக் கேலி செய்கிறான்தான். ஆனால் அவனுக்கு அது பல கருவிகளில் ஒன்று. அவளிடம் வாசலிலேயே கேட்டு வாங்கப்படும் நுழைவுச்சீட்டு.

புடவை கட்டிய ஆண், மீசை வைத்த பெண்

‘அவ்வை சண்முகி’ 1996 தீபாவளிக்கு வந்தது. பெண் வேடமிட்டு ‘அவ்வை’ என்றே பட்டம் பெற்ற டி.கே. சண்முகத்துக்குப் பெயரளவில் ஒரு வணக்கம். விவாகரத்தான கணவன், மகளைப் பார்க்க ஏங்கி, மடிசார் கட்டிய மாமியாக மாமனார் வீட்டுக்குள் நுழைகிறான். கமலின் நடிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிரமாதம். ஆனால் படத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ஒருத்தி சண்முகி மாமி: சமைக்கிறாள், அதட்டுகிறாள், ஆண்களைத் துரத்தி அடிக்கிறாள், ஆண்கள் அவள் பின்னால் அலைகிறார்கள், நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். இன்னொருத்தி உண்மையான பெண், ஜானகி: அவளிடம் கோபமும் கண்ணீரும் மட்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இருக்கும் நகைச்சுவை முழுவதையும் அனுபவிக்க, படம் ஓர் ஆணைத்தான் அனுப்புகிறது.

இதற்கு மறுபக்கமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் குழு நடத்தினார். நம் காலத்தில் பாம்பே ஞானம் 1989இல் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவைத் தொடங்கினார். ஆண் பாத்திரங்களையும் பெண்களே ஏற்று, மீசை ஒட்டி, வேட்டி கட்டி வருவார்கள். அந்த நாடகங்களைப் பார்க்கிற கூட்டம் மீசையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. “என்னமா நடிக்கறா, ஆம்பளை மாதிரியே இருக்கா!” என்று மெச்சுகிறது.

ஆண் புடவை கட்டினால் சிரிப்பு, பெண் மீசை வைத்தால் பாராட்டு. ஏன்? இறங்குவது வேடிக்கை, ஏறுவது சாதனை. நம் சிரிப்பே யார் மேலே யார் கீழே என்று சொல்லிவிடுகிறது. டீம் அவுட்டிங்கில் புடவையும் விக்கும் மாட்டிக்கொண்டு நடக்கிற எந்தப் பொறியாளனும் பெண்களை அவமதிக்க நினைப்பதில்லை. சுலபமாகச் சிரிப்பு வருகிற வழி எது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சுலபம்தான் பிரச்சினை.

ஒரே ஒரு ஜானகி

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிரிக்க வைத்த ஜானகி ஒருத்தி உண்டு. 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் ஊர்வசி.

படத்தின் பூர்வீகம் 1980இல் வந்த ‘நைன் டு ஃபைவ்’ என்ற ஹாலிவுட் படம். கமல் தயாரிப்பு, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், மோகன் வசனம். ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள்: ரேவதி, ஊர்வசி, துப்புரவு வேலை செய்யும் பாப்பம்மாவாக ரோகிணி. வர்க்கம் வேறு, பேச்சு வேறு, மூவருக்கும் பொதுவாக இருப்பது மேனேஜர் நாசரின் கை. பணியிடத்தில் பாலியல் தொல்லை பற்றி உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டு நெறிகளைத் தந்தது 1997 ஆகஸ்டில். அதற்கான தனிச் சட்டம் வந்தது 2013இல். இன்று எங்கள் அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயமாகப் பார்க்கச் சொல்லும் பயிற்சி வீடியோவின் பாடத்தை, அதற்குப் பெயர்கூட வைக்கப்படாத காலத்தில், ஒரு நகைச்சுவைப் படம் சொல்லிவிட்டது. அந்தப் பயிற்சி வீடியோவைவிட நன்றாகவும் சொன்னது. வீடியோவில் பெண் எப்போதும் பாதிக்கப்பட்டவள். இந்தப் படத்தில் அவள் பாதிக்கப்பட்டவளும்தான், உளறுகிறவளும்தான்.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். மூன்று பெண்களும் படத்தில் தப்பு மேல் தப்பு செய்கிறார்கள். எலி மருந்து குழப்பம், ஆஸ்பத்திரிக் குழப்பம், மேனேஜர் செத்துவிட்டதாக நம்பி வேறு யாருடைய பிணத்தையோ கடத்திக்கொண்டு வருவது. அந்தப் பிணம் நாகேஷ். தமிழ் சினிமாவின் மகத்தான ஆண் கோமாளி ஒரு வார்த்தை பேசாமல் பிணமாகக் கிடக்க, அவரைச் சுற்றி மூன்று பெண்கள் கோமாளித்தனம் செய்கிறார்கள். யோசித்துச் செய்தார்களோ யோசிக்காமல் செய்தார்களோ, இதைவிடப் பொருத்தமான ஒரு காட்சியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. மாதுவுக்கு நாடகம் நாடகமாகக் கிடைத்த சலுகை, பொய்யை மறைக்கப் பொய், குழப்பத்தின் மேல் குழப்பம், கடைசியில் மன்னிப்பு, எல்லாம் இங்கே ஒரு ஜானகிக்குக் கிடைக்கிறது. பயந்தாங்கொள்ளி, பக்திமான், நடுங்கிக்கொண்டே எல்லாக் காரியத்திலும் மாட்டிக்கொள்கிறவள். ஊர்வசி அந்தப் பயத்தை வாசிக்கிற விதம் இருக்கிறதே, ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போது ஒரு முகம், முடிக்கும்போது இன்னொரு முகம், நடுவில் மூச்சு எங்கே விட்டார் என்றே தெரியாது.

ஊர்வசியால் இது முடிந்ததற்குக் காரணம் அவர் திறமை மட்டும் இல்லை. 1983இல் ‘முந்தானை முடிச்சு’ பரிமளமாக அறிமுகமானபோதே, சின்னப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஊரை அமளிப்படுத்தி, குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்கிற பெண்ணாக வந்தார். நாயகியாக இருந்துகொண்டே அசடாகவும் இருக்கலாம் என்ற அனுமதியை அந்த முதல் படத்திலேயே அவர் வாங்கிக்கொண்டார். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் திருபுரசுந்தரியாக அதையே நீட்டித்தார். அங்கே அவருக்குப் பாட்டியாக எஸ்.என். லட்சுமி, கையில் அகப்பட்டதை எல்லாம் சுருட்டுகிற கிழவி, தன் பங்குக்கு அமர்க்களப்படுத்தினார். இரண்டுக்கும் வசனம் மோகன். அதாவது அவரால் எழுத முடியாமல் இல்லை. சபா நாடகத்தின் அச்சு பழகிப்போயிருந்தது, அதில் ஜானகியை வார்க்கும் குழி ஒன்றே ஒன்று.

அந்த அச்சையும் இதே சூழலில் மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரில் கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. ஒரு வாரம் அவள் அசடு, ஒரு வாரம் அவன் அசடு. அந்தச் சமத்துவத்தில் பிரசங்கமே கிடையாது. இரண்டு பேருக்கும் ஜோக்கைப் பங்கு போட்டதுதான் அதன் பெண்ணியம்.

நலங்கும் மைக்கும்

சிரிக்க வைப்பது நம் பெண்களுக்குப் புதிதும் இல்லை. இந்தப் பேட்டையின் கல்யாண மண்டபங்களில் நலங்கு என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்துத் தேங்காய் உருட்டுவது, தலைக்கு மேல் அப்பளத்தை நொறுக்குவது. கூடவே சம்பந்தி கேலிப் பாட்டு. மாமியாரின் குண்டு உடம்பு, மாமனாரின் கருமித்தனம், மாப்பிள்ளையின் கருப்பு நிறம், எதுவும் மிஞ்சாது. பாடுகிறவர்கள் வேறு நாளில் வாய் திறக்காத மாமிகள். எந்த ஆணும் மேடையில் சொல்லத் துணியாததை, சம்பந்தியின் முகத்துக்கு நேராக ராகம் போட்டுச் சொல்லிவிட்டு வெற்றிலை மடித்துக்கொள்வார்கள். வள்ளியும் தெய்வானையும் ஒருவரையொருவர் கிண்டிக் கிழிக்கும் ஏசல் பாட்டு தமிழில் ஒரு தனி வகையாகவே இருந்திருக்கிறது.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நிறத்தையும் உடம்பையும் இகழ்கிற அதே நாக்குதான் அங்கேயும். கேலி செய்ய அனுமதி ஒரே ஒரு சாயங்காலத்துக்குத்தான், மறுநாள் காலையில் அந்த மாமி மறுபடியும் சமத்து. ஆனாலும் திறமை எங்கே இருந்தது, அனுமதி எங்கே நின்றது என்பதை அது துல்லியமாகக் காட்டுகிறது. அந்த நாக்கு சபா மேடை ஏறியபோது ஆணின் வாய்க்குப் போய்விட்டது. இப்போது நலங்கே போட்டோகிராபர் சொல்லும் போஸுக்காக நடக்கிறது.

அந்த நாக்கு கொஞ்சம் தப்பிப் பிழைத்த இடம் பட்டிமன்றம். பாரதி பாஸ்கர் ‘கணவனா மனைவியா’ வகைத் தலைப்புகளில் பேசும்போது அரங்கம் அதிர்கிறது. வாதம் என்ற போர்வை இருப்பதால் பெண் அங்கே கேலி செய்யலாம். ஆனால் அங்கேயும் அவர் ஒரு கட்சிக்கு வக்கீல். தன் தோல்வியை, தன் குழப்பத்தை, தன் அசட்டுத்தனத்தைப் பேச அந்த வடிவத்தில் இடம் குறைவு.

அதற்கான வடிவம் ஸ்டாண்ட்-அப். ஒரு மைக், ஒரு ஆள், தன் வாழ்க்கையின் கேவலங்களைத் தானே சொல்வது. அமேசான் ப்ரைம் 2020 செப்டம்பரில் தமிழில் ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ என்று போட்டி நடத்தியது. நடுவர்கள் மூவரும் ஆண்கள். சென்னையின் சின்னச் சின்ன அரங்குகளில் இப்போது பெண்கள் மைக்கைப் பிடிக்கிறார்கள். அவர்கள் மீது வழக்கமாக வைக்கப்படும் புகார்: “எப்பப் பார்த்தாலும் பொம்பளைங்க விஷயமே பேசறாங்க.” தமிழ் நகைச்சுவை இத்தனை காலமாகப் பேசியது என்ன? மனைவி, மாமியார், பெண் பார்க்கும் படலம், மனைவி ஊருக்குப் போன ஆனந்தம். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு வருகிற ஜோக்கில் பாதி இன்னும் அதுதான். ஆண் தன் வீட்டைப் பற்றிப் பேசினால் அது வாழ்க்கை. பெண் அதே வீட்டைப் பற்றிப் பேசினால் ‘பெண்கள் விஷயம்’. வீடு ஒன்றுதான், சமையலறை ஒன்றுதான்.

இந்தப் புதிய மேடைகளில் வரும் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நிறைய அசட்டுத்தனம், நிறைய அரைவேக்காடு. சில பேர் அரங்கில் கைத்தட்டல் வருகிற கருத்தைச் சொல்லிவிட்டு அதையே ஜோக் என்று நம்பிக்கொள்கிறார்கள். எட்டு நிமிஷத்தில் ஒரு சிரிப்பு வந்தால் அதிகம். ஆனால் ஆண்களின் ஓபன் மைக் இதைவிட மோசமாகவும் இருக்கிறது. அங்கே யாரும் வெளியே வந்து “ஆம்பளைங்களுக்கு காமெடி வராதுப்பா” என்று சொல்வதில்லை. “அந்தப் பையன் இன்னும் தேறணும்” என்கிறார்கள். அவனுடைய தோல்வி அவனுடையது மட்டும். அவளுடைய தோல்வி கோடிப் பேர் சார்பில்.

மோகன் இல்லை, அவர் நாடகங்கள் இருக்கின்றன. அந்த மேடைக்கு நாளைக்குப் புதிதாக எழுதப்போகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. ஜானகியைப் புரட்சிக்காரி ஆக்க வேண்டாம், வசனத்தில் பெண்ணுரிமை பேசவும் வேண்டாம், அது இன்னொரு விதமான சமத்து. முதல் காட்சியில் அவள் ஒரு பொய் சொல்லட்டும். இரண்டாவது காட்சியில் அதை மறைக்க இன்னொன்று. மாது நடுவில் நின்று “என்ன நடக்கறது இங்கே?” என்று விழிக்கட்டும். கடைசிக் காட்சியில் மன்னிக்கிற வேலையை அவன் செய்யட்டும். அவனுக்கு அதில் பழக்கமில்லை, கொஞ்சம் திணறுவான். அந்தத் திணறலுக்கே ஒரு சிரிப்பு நிச்சயம் வரும்.